தலைக்குப் பின்னால் என் கை

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் வெள்ளைக் கோட்டு. எட்டு வருடம் நர்ஸ் உடுப்பில் இருந்த உடம்புக்கு அது ஒட்டவே இல்லை. கத்தரிக்கோலை எடுக்க இடுப்புக்குப் போன கை, பை இல்லாமல் வெறும் துணியைத் தடவிவிட்டுத் திரும்பியது. இதை நாலைந்து தடவை செய்திருப்பேன். பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு வருடம், எங்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில். இதுவரை டாக்டர் சொன்னதைச் செய்தேன். இனி நானே நோயாளியைச் சோதித்துப் பார்த்து, இதுதான் பிரச்சினை, இதைச் செய்யலாம் என்று முதலில் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று டாக்டர் பிறகு சொல்வார். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நர்ஸ் பிள்ளைகள் 'அக்கா' என்கிறார்கள். டாக்டர்கள் 'சிஸ்டர்' என்று ஆரம்பித்து நடுவில் விழுங்குகிறார்கள்.

காலை ரவுண்ட்ஸில் தலைமை டாக்டர் மெஹருன்னிசா மேடம் இரண்டாம் படுக்கைக்காரரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். கடகடவென்று ஒப்பித்தேன். முடித்ததும் மேடம், "சரி, உங்க முடிவு என்ன?" என்று கேட்டார்.

"சொல்லுங்க மேடம், செஞ்சிடறேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "இந்த வார்த்தையை இன்னியோட மறந்துடுங்க, பிரம்மசக்தி."

சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். நல்லா போகுது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு பழைய ஆஸ்பத்திரியில் எனக்குப் பொறுப்பாக இருந்த பிரின்சி சிஸ்டரைக் கூப்பிட்டேன். சும்மாதான், எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க. பேச்சோடு பேச்சாக, என் இடத்தில் யாரையும் போட்டுவிட்டார்களா என்றும் கேட்டு வைத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று யாரும் சாகவில்லை.

ஜூன் 4, புதன்

ரவுண்ட்ஸுக்கு முன்னால் இரண்டு முறை பாத்ரூமுக்கு ஓடினேன். அறையில் உடன் இருக்கும் செண்பகம் தென்காசிக்காரி, அவளும் இதே படிப்புதான். "ஏட்டி, பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்க" என்று சிரித்தாள். அவளுக்கு எதுவும் ஆவதில்லை. இட்லியை வாயில் வைத்துக்கொண்டே பாடம் படிக்கிறாள்.

எனக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயமில்லை, பிணத்தைப் பார்த்தும் பயமில்லை. நர்ஸாக இருந்தபோது எத்தனை சாவு பார்த்திருக்கிறேன், அழுதுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறேன். அப்போது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். இப்போது முதல் வார்த்தை என்னுடையது. நான் 'நன்றாக இருக்கிறார்' என்று சொன்னதை நம்பி எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள், அந்த ஆள் செத்துப்போவார். இதுதான் என் பயம். எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

கோட்டில் மஞ்சள் கறை. எலுமிச்சை தேய்த்து ஊறவைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மதியம் நான்காம் படுக்கைக்கு ஒரு பெண் வந்தாள். மாரிச்செல்வி, இருபத்தொரு வயது. பூச்சிமருந்து. வாசலில் தள்ளுவண்டி நுழையும்போதே அந்த நெடி வந்துவிட்டது. வாயெல்லாம் எச்சில், கண்மணி குண்டூசி முனை அளவு, நெஞ்சுக்குள் கொறகொறவென்று சத்தம். இந்த மாதிரி கேஸ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கழுவ வேண்டியதைக் கழுவி, விஷமுறிவுக்கு அட்ரோபின் போட்டு, நெஞ்சுச் சத்தம் அடங்குகிற வரை பக்கத்திலேயே நின்றேன். அந்த நேரம் முழுக்க எனக்குப் பயமே இல்லை. கைக்கு வேலை இருந்தால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அம்மா பெயர் சுடலைவடிவு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கலர் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தாவ தாயி, தெரியாம குடிச்சிட்டா" என்றார். நான் தலையாட்டினேன். அதைக் கேட்க வேறு ஆட்கள் வருவார்கள், அது என் வேலை இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அட்ரோபின் வேகத்தில் மாரிச்செல்வி இன்று முழுக்க உளறினாள். போர்வையில் இல்லாத பூவை எல்லாம் பறித்தாள். என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அழுதாள். நாளை செய்துகொண்டு வா என்று சொன்னேன். சமாதானமாகிவிட்டாள்.

ரவுண்ட்ஸில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

ஜூன் 7, சனி

மாரிச்செல்விக்குத் தெளிந்துவிட்டது. காலையிலேயே காப்பி கேட்டாள். மருந்தின் அளவையும் குறைத்துவிட்டார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து நான்தான் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்ததும் இருமினாள், கொஞ்சம் மூக்கு வழியாகவும் வந்தது. "மெதுவா குடிட்டி, யாரும் பிடுங்க மாட்டாவ" என்றேன். கஞ்சியும் அப்படித்தான், ஊட்ட ஊட்டக் கடைவாயில் வழிந்தது. பேச்சு மெல்லிசாக, மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது. கூச்ச சுபாவம் போலும்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரா தெரியுதிய" என்றாள்.

"ஒருத்தியையே இங்க சமாளிக்க முடியல" என்றேன். அவள் சிரித்தாள். அட்ரோபின் போட்டால் பார்வை மங்கத்தான் செய்யும்.

இடது மணிக்கட்டு வலி. தைலம் தேய்த்தேன். என் மகள் பாப்பா போனில் ஒரு பாட்டுப் பாடினாள், பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு, மதியம்

இன்று நல்ல நாள். எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

நான்காம் படுக்கை என் முறை. மேடம் வழியில் நின்று எல்லோருக்கும் சொன்னார்: பூச்சிமருந்து குடித்தவர்கள் தெளிந்து உட்கார்ந்த பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குத் தசைகள் சோர்ந்துபோகும். முதலில் கழுத்து, அப்புறம் மூச்சு. அதனால் தினமும் தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், தலையணையிலிருந்து தலை தானாக எழும்பினால் பயமில்லை. "கழுத்து பாத்தீங்களா, பிரம்மசக்தி?"

போய்ப் பார்த்தேன். "மாரி, தலையைத் தூக்கு பாப்போம்." தலை எழும்பியது.

"நல்லா தூக்கறாங்க மேடம்."

"உங்க முடிவு?"

"வார்டுக்கு மாத்தலாம் மேடம்."

குரல் நடுங்கவில்லை. இந்த ஒரு வாரத்தில் முதல் முறை. மேடம் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அந்த 'சரி'யை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுடலைவடிவு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் மாரிச்செல்வியை மேல் மாடி வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு மதியத்தோடு டியூட்டி முடிந்தது.

அவருக்குப் போன் போட்டு நல்லா போகுது என்று சொன்னேன். இன்று அது உண்மை.

ஜூன் 8, மறுபடியும்

எழுத வரவில்லை. உயிரோடு இருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

இப்போது எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் துணி மடித்துக்கொண்டே, "எதத் தூக்கி இப்படி வலிக்கு ஒனக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தூக்கல. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாளா தலையத் தூக்கிப் பிடிச்சுக் காப்பி குடுத்தேன், அவ்வளவுதான்."

"தலையா? தலை என்ன கனமா கனக்கும்?"

கேட்டுவிட்டு அவள் துணியை மடித்தாள். எனக்குத் தைலம் தேய்த்த கை நின்றுவிட்டது.

"செண்பகம், படு" என்றேன்.

"என்னது?"

"கட்டில்ல படுட்டி!"

படுத்தாள். அவள் பிடரிக்குக் கீழே என் இடது கையை வைத்து, தலையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். என் கையில் ஒன்றுமே இல்லை. அவள் கூந்தல் பட்டது, அவ்வளவுதான். தானாகத் தூக்குகிற தலைக்குக் கனம் கிடையாது.

நேற்றுக் காலை மாரிச்செல்வியிடம் தலையைத் தூக்கச் சொன்னபோது என் இடது கை எங்கே இருந்தது? அவள் தலைக்குப் பின்னால். யாரும் வைக்கச் சொல்லவில்லை. படுத்திருக்கிற நோயாளி தலையை அசைத்தாலே அந்தக் கை தானாகப் போய்விடும், எட்டு வருடமாக அப்படித்தான். அந்தத் தலை கனத்தது. முழுத் தலையும் கனத்தது. தூக்கியது நான். 'நல்லா தூக்கறாங்க' என்று சொன்னதும் நான்.

எழுந்து ஓடினேன். செருப்பு மாட்டினேனா என்று ஞாபகமில்லை. ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு ரோடுதான், அதற்குள் எல்லாம் வரிசையாக வந்தது. மூக்கு வழியாக வந்த காப்பி. கடைவாயில் வழிந்த கஞ்சி. இரண்டாகத் தெரிந்த நான். கூச்ச சுபாவம் என்று எழுதி வைத்தேனே, அந்தக் குரல். அவள் கழுத்திலும் முகத்திலும் தசை ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டு வந்திருக்கிறது, நான் கேலி பேசியிருக்கிறேன்.

ஓடும்போது இன்னொன்றும் நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

வார்டில் சுடலைவடிவு அம்மா மகளுக்கு மூன்று தலையணையும் ஒரு துணிப்பையும் முட்டுக்கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வார்டு நர்ஸ், "இப்பதான் பாத்தேன் அக்கா, தூங்குது" என்றாள். தூங்கவில்லை. இமை பாதிக்கு மேல் எழும்பவில்லை, அவ்வளவுதான். விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் இன்னும் சரியாகத்தான் காட்டியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெஞ்சு மட்டும் சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது.

தலையணைகளை எடுத்தேன். "ஏன் தாயி எடுக்கிய, பிள்ளைக்கு நோவுமே" என்று அம்மா தடுத்தார். என் கை மறுபடியும் அவள் பிடரிக்குப் போகப் பார்த்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாரி, தலையைத் தூக்கு."

மோவாய் மட்டும் லேசாக அசைந்தது. தலை தலையணையிலேயே கிடந்தது. அவள் முயற்சி செய்வது கண்ணில் தெரிந்தது.

"ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணு, பாப்போம்."

ஆறு வரைக்கும்தான் எண்ண மூச்சு இருந்தது.

டியூட்டி டாக்டர் கௌதமுக்குப் போன் போட்டேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

"சிஸ்டர், காலைல நீங்கதானே கழுத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் டாக்டர்."

"அதெப்படி..."

"என் கையை வச்சுத் தூக்கிட்டேன். அவளால தூக்க முடியல. இப்ப மூச்சும் போகுது. மூச்சுக்குக் குழாய் போட எல்லாம் எடுத்து வைங்க, நான் கூட்டிட்டு வாரேன். இது என் முடிவு."

கடைசி வார்த்தை தானாக வந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

லிஃப்டில் அவள் முகத்தில் முகமூடியை வைத்து, பலூன் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். ஏதோ சொல்லப் பார்த்தாள். ஒரு நொடி முகமூடியை எடுத்துக் குனிந்தேன்.

"அன்னைக்கு... பயமே இல்லக்கா" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "இப்பம்... பயமா இருக்கு."

தெரியாமல் குடித்தாள் என்ற கலர் பாட்டில் கதை அந்த லிஃப்டோடு முடிந்தது.

"பயப்படு. நல்லாப் பயப்படு" என்றேன். "நான் இங்கனதான் நிக்கேன்."

கௌதம் குழாய் போட்டார். ஒரே முயற்சியில் போனது. வென்டிலேட்டர் மூச்சை எடுத்துக்கொண்டதும் அவள் நெஞ்சு முழுசாக ஏறி இறங்கியது. நான் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை ரவுண்ட்ஸ். நான்காம் படுக்கைக்கு முன்னால் நின்று எல்லோர் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னேன். மேடம் கேட்டார்: "ஏன் கையை வெச்சீங்க?"

"எட்டு வருஷமா வைக்கிற கை மேடம். நினைச்சு வைக்கல."

"நினைக்காம வெச்ச கை அந்தப் பொண்ணைக் கொன்னிருக்கும்." கோப்பை மூடினார். "அடுத்த பெட்."

அவ்வளவுதான். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பிறகு கௌதம் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "வார்டுக்கு மாத்தும்போது நானும் தலையணையோடதான் பாத்தேன், சிஸ்டர்" என்றார். பிறகு "அக்கா" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பிரின்சி சிஸ்டரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை சும்மா இல்லை.

ஜூன் 11, புதன்

சுடலைவடிவு அம்மா என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார். "நல்லாத்தானே இருந்தா? ஏன் தாயி தொண்டையில குழாய மாட்டிட்டிய?" இரண்டு நாளாக 'மூச்சுக்குத்தான் அம்மா' என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று முடியவில்லை. வராண்டாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல நான் சரியாப் பாக்கலம்மா. கழுத்து சோந்துபோயிருந்தது. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அதான் வார்டுக்கு அனுப்பினாவ."

கத்துவார் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான்தான் அன்னைக்கு அவளுக்குச் சோறு போட்டேன். பக்கத்துல உக்காந்துதான் போட்டேன். முகத்தப் பாக்கலியே தாயி. கொழம்பு ஊத்தவான்னு கேட்டேன், வேண்டாம்னா. சரின்னு எந்திச்சுப் போயிட்டேன்."

என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் துணிச்சல் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

போனில் நல்லா போகுது என்றேன். அவர், "நல்லா போகுதுன்னா ஏன் பாப்பாகிட்ட நாலு நாளா பேசல?" என்று கேட்டார். உடைந்துபோய் அழுது எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நர்ஸ் வேலைக்கே திரும்பிவிடுகிறேன், எனக்கு இந்தப் பயத்தைத் தாங்க முடியவில்லை என்றேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "எனக்கும்தான் மேல ஏறி உக்காந்தா இன்னைக்கும் வயிறு கலங்கும்" என்றார். "என்னைக்காவது கலங்கலன்னா லீவு போட்டுட்டு வந்துருவேன், கேட்டியா?"

"அப்போ எனக்கு வருஷம் பூரா லீவே கிடையாது" என்றேன். சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பாப்பாவிடம் பேசினேன்.

ஜூன் 16, திங்கள்

எல்லோருக்கும் கழுத்துப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி இருக்கிறது. ஏழாம் படுக்கைப் பெரியவர், "எனக்கு நெஞ்சுவலின்னுதான வந்தேன், கழுத்த ஏன்மா பாக்க?" என்று கோபித்துக்கொண்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நர்ஸ் பிள்ளைகள் எனக்குத் 'தலைமை ஆசிரியை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

மாரிச்செல்வி குழாயோடு கண் திறந்து பார்க்கிறாள். ஆம் என்றால் என் விரலை ஒரு தடவை அமுக்குவாள், இல்லை என்றால் இரண்டு தடவை. பயமா இருக்கா என்று கேட்டேன். ஒரு தடவை அமுக்கினாள்.

ஜூன் 18, புதன்

இன்று அவள் மூச்சு நன்றாக இருந்தது. வென்டிலேட்டரின் எண்கள் எல்லாம் சரி. கௌதம், "குழாயை எடுத்துடலாம் மேடம்" என்றார். அம்மா கண்ணாடிக்கு வெளியே கைகூப்பிக்கொண்டு நின்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். "கழுத்து?"

கையைக் கட்டிக்கொண்டேன். "தூக்கு மாரி." தூக்கினாள்! தலையணையை விட்டு எழும்பியது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடி தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கச் சொன்னேன், பாதியில் விழுந்தது.

"உங்க முடிவு?"

எடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அந்தக் குழாய் அவள் தொண்டையில் இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் போட்டதாகவே எனக்குத் தெரிகிறது. அது போனால் என் தப்பும் போய்விடும்.

"இன்னைக்கு வேண்டாம் மேடம். தலை எழும்புது, நிக்கல."

கௌதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "சரி."

வெளியே போய் அம்மாவிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதும் நான்தான்.

ஜூன் 19, வியாழன்

பிரின்சி சிஸ்டர் கூப்பிட்டார்கள். "சக்தி, இடம் காலியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வந்து சேந்துக்க."

"நாளைக்குச் சொல்லுதேன் சிஸ்டர்" என்றேன். நாளைக்கு மாரிச்செல்வியின் கழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

ஜூன் 20, வெள்ளி

தூக்கினாள். தலை நின்றது. மோவாய் நடுங்கியது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, ஆனால் விழவில்லை. போதும் போதும் என்று நான் சொல்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலாம் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

குழாயை எடுத்ததிலிருந்து சாயங்காலம் வரை நான் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. சாப்பிடவும் போகவில்லை. பிறகு செண்பகம் இரண்டு இட்லியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். மூச்சு நன்றாக இருக்கிறது. இருந்தாலும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பிரின்சி சிஸ்டருக்குப் போன் போட மறந்துவிட்டது.

ஜூன் 21, சனி

காலையில் தண்ணீர் ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தேன், இருமல் இல்லை. அதற்குப் பிறகுதான் மேடம் காப்பி கொடுக்கலாம் என்றார்.

சுடலைவடிவு அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தார். டம்ளரில் ஊற்றி ஆற்றி, மகள் வாயருகே கொண்டுபோகும்போது இடது கை தானாக அவள் பிடரிக்குப் பின்னால் போனது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, கையை எடுங்க" என்றேன்.

"விழுந்துருவாளோன்னு பயமா இருக்கு தாயி."

"எனக்கும்தான். எடுங்க."

என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விரல் விரலாகக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன. கௌதமும் பின்னால் வந்து நின்றார்.

மாரிச்செல்வி தலையைத் தூக்கினாள். டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டாள். கை நடுங்கிப் போர்வையில் கொஞ்சம் சிந்தியது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. இருமவில்லை. மூக்கில் வரவில்லை. டம்ளரை இறக்கிவிட்டு, உறைந்துபோய் நிற்கிற எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"காப்பில சீனியே இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் என் கைகளை முன்னால் கொண்டுவந்தேன்.